மூடுகல்லும் பிரமிடும்

கல்லாவியிலிருந்து ஊத்தங்கரை, பர்கூர், ஓசூர் என்று எந்தப் பக்கம் கிளம்பினாலும் கல்லைப் பார்க்காமல் போய்ச் சேர முடியாது. தோட்டத்து வேலிக்கு நட்ட கல்கால், மாட்டுக் கொட்டகைமேல் ஏற்றிய பலகைக் கல், குவாரி வாசலில் எண் எழுதி லாரிக்குக் காத்திருக்கும் கிரானைட் பாளம், கிரஷரில் அரைபடும் ஜல்லி என்று கல்லை நம்பிப் பிழைக்கிற வட்டாரம் இது. இதே வட்டாரத்தில் இரும்புக் காலத்து மக்கள், இறந்தவர்களுக்காகக் கல்லில் வீடு கட்டினார்கள். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே, மல்லச்சந்திரத்துப் பாறைமேட்டில் அப்படிப்பட்ட கற்திட்டைகள் நூற்றுக்கும் மேல் நிற்கின்றன. ஆனால் பள்ளிப் புத்தகத்தில் கட்டடக் கலை எகிப்தில் பிறந்து, ஏஜியன் கடல் தீவுகளைத் தொட்டு, கிரேக்கத்துக்கு நடந்துபோகிறது. நம் கற்திட்டைக்கு அந்த வரிசையில் இடமில்லை. அது ‘பெருங்கற்காலச் சின்னம்’ என்ற தனித் தலைப்பின் கீழ், பானை ஓட்டுக்கும் இரும்புத் துண்டுக்கும் நடுவே ஒதுக்கப்படுகிறது. பிரமிடைக் கட்டடம் என்றும் கற்திட்டையைச் சின்னம் என்றும் பிரித்துச் சொல்வதற்குக் கட்டுமான அறிவின் பக்கத்திலிருந்து நியாயமே இல்லை என்பது என் வாதம். இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு உண்டு. அது ஆள் திரட்டும் வழியிலும், மண்ணில் கிடைத்த கல்லின் குணத்திலும் இருக்கிறது. கட்டியவர்களின் மூளையில் இல்லை.

முதலில் கல்லின் குணத்தைப் பார்க்கலாம். கல்லை மேலிருந்து அமுக்கினால் எவ்வளவும் தாங்கும், வளைத்தால் தாங்காது. இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு பலகைக் கல்லைப் படுக்க வைத்தால், அதன் மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். அந்த இழுப்பைத் தாங்க மாட்டாமல்தான் கல் அடியிலிருந்து விரிசல் விடுகிறது. இக்காலத்தில் கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்தில் கம்பி கட்டுவது இதற்காகத்தான். கம்பியும் சிமெண்டும் இல்லாத காலத்தில், கல்லுக்கு அடியில் ஓர் அறையை உண்டாக்கி, அந்த அறை இடிந்து விழாமல் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கவும் வைக்க வேண்டுமானால், இந்தக் குணத்தோடு ஏதாவது ஓர் உடன்பாட்டுக்கு வந்தே ஆக வேண்டும். எகிப்தியர் ஒரு வழியில் வந்தார்கள், பழைய கிரேக்கத்தின் மைசீனியர் இன்னொரு வழியில் வந்தார்கள், கிருஷ்ணகிரிக்காரர்கள் மூன்றாவது வழியில் வந்தார்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஒவ்வொன்றின் புத்திசாலித்தனமும் தெரிகிறது.

எகிப்தில் தொடக்கத்தில் கல் கட்டடம் இல்லை. முதல் அரசர்களின் கல்லறைகள் பச்சைச் செங்கல்லால் கட்டிய, மேல்தளம் தட்டையான மேடைகள். அரபி மொழியில் திண்ணையைக் குறிக்கும் சொல்லான மஸ்தபா என்ற பெயராலேயே அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. கி.மு. 27-ஆம் நூற்றாண்டில் ஜோசர் என்ற அரசருக்காக சக்காராவில் இம்ஹோதெப் என்ற கட்டடக் கலைஞர் ஒரு மேடைமேல் இன்னொரு மேடையாகக் கல்லில் அடுக்கி, சுமார் 62 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினார். படிப் பிரமிடு என்பது அதுதான். அந்த வளாகத்தில் கவனிக்க வேண்டியது பிரமிடைவிட அதைச் சுற்றியுள்ள கட்டடங்கள். நாணல் கட்டுகளைப் போலச் செதுக்கிய கல்தூண்கள், திறக்கவே முடியாத கல் கதவுகள், உள்ளே இடமே இல்லாத கல் மண்டபங்கள் அங்கே இருக்கின்றன. நாணலிலும் மரத்திலும் மண்ணிலும் கட்டிப் பழகிய கை, கல்லுக்கு வந்த முதல் தலைமுறையில் பழைய வடிவத்தையே கல்லில் எழுதியது. அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, கி.மு. 2560-ஐ ஒட்டி கீசாவில் எழுந்த கூஃபு அரசரின் பெரிய பிரமிடில், அரசரின் அறைக்கு மேலே ஒன்பது கிரானைட் பாளங்களைக் கூரையாகப் போட்டார்கள். அதன் தலைமேல் மலைபோன்ற சுமை இருக்கிறது. அதனால் கூரைக்கு மேல் ஐந்து வெற்று அடுக்குகளை விட்டு, உச்சியில் இரண்டு பக்கக் கற்களைக் கூம்பாகச் சாய்த்து, சுமையைப் பக்கவாட்டில் இறக்கிவிட்டார்கள். அப்படியும் அந்தக் கூரைப் பாளங்களில் விரிசல் கண்டிருக்கிறது. சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே அஸ்வானிலிருந்து நைல் ஆற்றில் படகேறி வந்த கிரானைட்டும் இயற்பியலுக்கு விலக்கு பெறவில்லை.

ஏஜியன் கடலோரத்தில் கதை வேறு. கிரீட் தீவின் மெசாரா சமவெளியில் கி.மு. 3000-ஐ ஒட்டியே ஊர்ப் பொதுக் கல்லறைகள் வட்டமாகக் கட்டப்பட்டன. கிரேக்கப் பெருநிலத்தில் அந்த வட்ட வடிவம் அதன் உச்சத்தைத் தொட்டது மைசீனாவில், அத்ரியூஸின் கருவூலம் என்று பிற்காலத்தார் பெயரிட்ட கல்லறையில். கி.மு. 13-ஆம் நூற்றாண்டை ஒட்டிய அந்தக் கட்டடத்துக்கு 36 மீட்டர் நீளமான ஒரு திறந்த வழி இட்டுச் செல்கிறது. உள்ளே சுமார் 14.5 மீட்டர் விட்டமும் 13 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமும் கொண்ட கூம்பு மாடம். வளைவு போலத் தெரிந்தாலும் அது உண்மையான வளைவு அல்ல. ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து, 33 வரிசைகளில் உச்சியில் வாயை மூடியிருக்கிறார்கள். வெளியே மண்ணைக் குவித்து அந்தக் கற்களைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். வாசலின் உள்பக்க நிலைக்கல் ஒன்று மட்டும் ஏறக்குறைய 120 டன். அவ்வளவு பெரிய கல்லும் மாடத்தின் சுமையை நேரே தாங்காது என்று தெரிந்திருந்ததால், அதன் தலைக்கு மேல் முக்கோண வடிவில் ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். சுமை இரு பக்கச் சுவருக்கும் வழிந்துபோகிறது. மைசீனாவின் கோட்டை வாசலிலும் இதே முக்கோணம் உண்டு. அங்கே அந்த இடைவெளியை எடை குறைந்த கல்லால் மூடி, அதில் இரண்டு சிங்கங்களைச் செதுக்கினார்கள். சிங்க வாயில் என்று உலகம் கொண்டாடும் சிற்பம் பிறந்தது, நிலைக்கல் உடையக் கூடாது என்ற கொத்தனாரின் கவலையிலிருந்துதான்.

இப்போது நம் பக்கத்துக் கல்லுக்கு வருவோம். கிருஷ்ணகிரிப் பாறை பெரும்பாலும் கிரானைட்டும் நைஸ் வகையும். வெயிலிலும் குளிரிலும் மேல்தோல் தளர்ந்து, பலகை பலகையாக உரியும் குணம் இதற்கு உண்டு. இந்தக் குணத்தைத் தீயால் தூண்டிவிடலாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெங்களூர்ப் பக்கத்தில் இந்த வேலை நடந்த விதத்தை வார்த் என்பவர் பார்த்து எழுதிய குறிப்பு இருக்கிறது. சுமார் 7 அடி நீளத்துக்கு விறகைப் பரப்பித் தீ மூட்டி, சுத்தியலால் தட்டிப் பார்த்து, அடிப்பாறை விட்டுப்போன ஓசை கேட்டதும் தீயை மெல்ல முன்னால் நகர்த்தி, 740 சதுர அடிப் பரப்புள்ள பாறைத் தோலைச் சராசரி 5 அங்குலக் கனத்தில் உரித்தெடுத்தார்கள். வெடி இல்லை, இயந்திரம் இல்லை; விறகும் காதும் போதும். இதே பாறை, இதே நாடு. கற்திட்டைப் பலகைகளின் கனமும் தட்டையும் இதே போன்ற முறையைத்தான் சுட்டுகின்றன. எகிப்தியருக்குச் சுண்ணாம்புக்கல் கட்டி கட்டியாக வெட்ட வாகாகக் கிடைத்தது, அதனால் அடுக்கினார்கள். நம் ஊரில் பாறை பலகையாகக் கிடைத்தது, அதனால் நிறுத்தினார்கள்.

நிறுத்துவதில்தான் நுட்பம் இருக்கிறது. நான்கு பலகைகளைப் பெட்டிபோல நிறுத்தி மேலே மூடுகல்லை ஏற்றினால், வெளியே குவிக்கும் மண்ணும் கல்லும் பக்கப் பலகையை உள்ளே தள்ளிவிடும். அதைத் தடுக்க நம் கல்லறைகளில் பலகைகளை ஸ்வஸ்திகா வடிவில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு பலகையின் ஒரு முனை அடுத்த பலகையின் முகத்தில் முட்டி நிற்கும். மறுமுனை மூலையைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். எந்தப் பலகை உள்ளே சாயப் பார்த்தாலும் பக்கத்துப் பலகையின் விளிம்பு அதை நிறுத்திவிடும். வெளியிலிருந்து எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு இறுக்கம். சாந்து இல்லை, பொருத்துக் காடி இல்லை, ஆணி இல்லை. தள்ளும் விசையையே பிடிக்கும் விசையாக மாற்றியிருக்கிறார்கள். மைசீனியர் மண்ணின் பாரத்தை மாடத்துக்குத் துணையாக்கியதும் இதே சிந்தனைதான். தரைக்கு அடியில் இப்படி அமைத்தால் கற்பதுக்கை, தரைக்கு மேல் அமைத்தால் கற்திட்டை. குழி தோண்ட வழியில்லாத வெறும் பாறையில் மேலே எழுப்புவது தவிர வேறு வழியில்லை. மூடுகல்லின் விரிசல் பயத்துக்கும் விடை எளிது: அறையை அகலமாக்காதே, மூடுகல்மேல் வேறு சுமை ஏற்றாதே. எகிப்தியர் ஐந்து வெற்று அடுக்குகள் வைத்துச் சமாளித்த சிக்கலை இவர்கள் உண்டாகவே விடவில்லை.

இங்கே எழும் முதல் மறுப்பு வெளிப்படையானது: பிரமிடு எங்கே, இடுப்பளவு, ஆளுயரக் கற்பெட்டி எங்கே? 146 மீட்டர் உயரக் கட்டடத்தையும் இதையும் ஒரே மூச்சில் பேசலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய பிரமிடில் சுமார் 23 லட்சம் கற்கள், ஒவ்வொன்றும் சராசரியாக 2.5 டன். 20 ஆண்டுகளில் கட்டியதாக வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 300-க்கும் மேற்பட்ட கற்கள்; 10 மணி நேர வேலையில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல். அடுத்து, 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் கனம் உள்ள ஒரு மூடுகல்லை எடுத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 2.7 டன் என்றால் அதன் எடை 6 டன். அதாவது தனிக் கல் என்று பார்த்தால், நம் மூடுகல் பிரமிடின் சராசரிக் கல்லைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனமானது. அதை மேலே ஏற்ற மண் சரிவும் மர உருளையும் கயிறும் ஓர் ஊர் ஆட்களும் வேண்டும். ஒரு கல்லை நகர்த்தும் அறிவில் இவர்கள் குறைந்தவர்கள் இல்லை. 23 லட்சம் தடவை நகர்த்தவைக்கும் ஏற்பாடு இவர்களிடம் இல்லை. அந்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்பதற்கு எகிப்திலேயே சாட்சி கிடைத்திருக்கிறது. செங்கடலோரம் வாடி அல்-ஜர்ஃபில் 2013-ல் தொல்லியலாளர் பியர் தாலே குழு கண்டெடுத்த பப்பிரஸ் ஏடுகளில், மேரர் என்ற அதிகாரி தன் ஆட்களோடு துராக் குவாரியிலிருந்து கூஃபுவின் பிரமிடுக்குச் சுண்ணாம்புக் கல்லைப் படகில் கொண்டுபோன நாட்குறிப்பு இருக்கிறது. கீசாவில் 1990-ல் தொடங்கிய அகழாய்வுகள் தொழிலாளர் கல்லறைகளையும், ரொட்டி சுட்ட அடுப்படிகளையும் கொண்ட ஊரையும் வெளிக்கொண்டுவந்தன. நைல் வெள்ளம் ஆண்டுதோறும் வயலை மூழ்கடிக்கும் மாதங்களில் உழவருக்கு வேலை இல்லை. அரசுக் களஞ்சியத்தில் தானியம் உண்டு. ஆறு கல்லைச் சுமக்கும். இந்த மூன்றும் சேர்ந்தது பிரமிடு. மானாவாரியை நம்பி, கேழ்வரகும் ஆடுமாடுமாக வாழும் மேட்டு நிலத்தில் இதில் எதுவும் இல்லை. இருந்திருந்தால் இங்கும் ஒரு கூஃபு வந்திருப்பார், அது நல்லதாக இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

அளவில் வரும் வேறுபாடு, கல்லறையின் வாசலில் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. கூஃபுவின் பிரமிடில் அரசரை வைத்தபின் கிரானைட் தடைகளை இறக்கி வழியை அடைத்துவிட்டார்கள். எகிப்தியப் பிரபுக்களின் கல்லறைகளில் பொய்க் கதவு என்று ஒன்று உண்டு. சுவரில் கதவுபோலச் செதுக்கிய பலகை அது. இறந்தவரின் உயிராற்றல் அதன் வழியே வந்து படையலை ஏற்கும் என்று நம்பினார்கள். மனிதர் யாரும் அதன் வழியே போக முடியாது. மைசீனாவில் வாசல் உண்மையானது. ஒரு குடும்பத்தில் அடுத்தவர் இறக்கும்போது வழியைத் தோண்டித் திறந்து மறுபடி அடைத்தார்கள். நம் கற்திட்டையில் பெரும்பாலும் கிழக்குப் பலகையில் வட்டமான இடுதுளை ஒன்று இருக்கும். இத்தகைய கல்லறைகள் பலவற்றில் ஒருவருக்கு மேற்பட்டவரின் எலும்புகள், அதுவும் வேறெங்கோ கிடத்திப் பின்னர் சேகரித்த எலும்புகள், கிடைக்கின்றன. துளை வழியாக மறுபடி மறுபடி போய்வந்த கல்லறை இது. ஒருவர் பெயர் நிலைக்கக் கட்டியதற்கும், ஒரு குலம் திரும்பத் திரும்ப வந்து புழங்கக் கட்டியதற்கும் வாசல்தான் அடையாளம். இதைச் சமத்துவ சமூகம் என்று நான் புகழவில்லை. ஊரில் செத்த எல்லோருக்கும் கற்திட்டை கிடைக்கவில்லை, கல்லறைகளின் எண்ணிக்கை அதற்குப் போதாது. கூடவே புதைத்த இரும்பும் மணிகளும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. மேல் கீழ் இங்கும் இருந்தது. ஆனால் அந்த மேலானவர் ஊரையே பல ஆண்டு கல் சுமக்க வைக்கும் அளவுக்கு மேலே போகவில்லை.

இரண்டாவது மறுப்பு கலையைப் பற்றியது. எகிப்தில் 18 கட்டங்களாகப் பிரித்த அளவுச் சட்டத்தில் மனித உருவம் வரைந்தார்கள், கிரீட்டின் கினோசஸ் அரண்மனையில் வண்ணச் சுவரோவியம் தீட்டினார்கள். கற்திட்டையில் என்ன கலை இருக்கிறது? மல்லச்சந்திரத்திலேயே விடை இருக்கிறது. கல்லறையைச் சுற்றி வட்டமாக நிறுத்திய பலகைகளின் தலையை அரைவட்டமாகச் சீர் செய்திருக்கிறார்கள். எடை தாங்குவதற்கு அந்த வளைவு தேவையே இல்லை. கண்ணுக்காகச் செய்த வேலை அது, தூரத்திலிருந்து பார்த்தால் இதழ் விரிந்ததுபோலத் தெரியும் வேலை. சில கற்திட்டைகளின் உள்பக்கப் பலகைகளில் வெண்ணிற ஓவியங்களும் உண்டு. பர்கூர் அருகே மல்லப்பாடியில் 1970-களின் பிற்பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.வி. ராமன் வெளிப்படுத்திய பாறை ஓவியங்களும் இதே வெள்ளை நிறத்தவைதான். தமிழ்நாட்டில் பாறை ஓவிய ஆய்வின் தொடக்கமாக அவற்றைச் சொல்வார்கள். சிங்காரப்பேட்டையைத் தாண்டி திருவண்ணாமலை மாவட்டத்துக்குள் போனால் மோட்டூரில் கல்வட்டத்துக்குள் மூன்று மீட்டருக்கும் மேல் உயரமான ஒரு மனிதவடிவப் பலகை நிற்கிறது. முகம் இல்லை, கை இல்லை. இரு தோள்களின் வளைவு மட்டும். ஊரார் தாய்த் தெய்வமாக வணங்குகிறார்கள். ஏஜியன் கடலின் சைக்ளேட்ஸ் தீவுகளில் கி.மு. மூன்றாம் ஆயிரத்தில் செய்த பளிங்குப் பாவைகளும் இப்படித்தான்: மடித்த கை, மூக்கு மட்டும் துருத்திய வெற்று முகம். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள் அவற்றை அருவருப்பான பொம்மைகள் என்று ஒதுக்கினார்கள். நவீனக் கலைஞர்களான பிகாசோவும் பிரான்குசியும் ஹென்றி மூரும் வந்தபின் அதே வெறுமை உன்னதமாகிவிட்டது. பாவை மாறவில்லை, பார்த்தவரின் கண் மாறியது. மோட்டூர்க் கல்லுக்கு அந்தக் கண் இன்னும் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது, அதை முன்வைப்பவர்கள் இரண்டு எதிர்ப் பக்கங்களிலிருந்து வருகிறார்கள். எகிப்தில் முதலில் வந்தது, மற்றவர்கள் பார்த்துக் கற்றார்கள் என்பது ஒரு பக்கம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எலியட் ஸ்மித், டபிள்யூ.ஜே. பெர்ரி என்ற அறிஞர்கள் உலகத்துப் பெருங்கற்கள் எல்லாமே எகிப்திலிருந்து பரவியவை என்று நூல்களே எழுதினார்கள். இந்தியக் கற்திட்டைகளும் அந்தக் கணக்கில் அடங்கின. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் 1953-ல் ஒரு கத்தி வடிவம் செதுக்கியிருப்பது தெரிந்ததும், மைசீனியக் கொத்தனாரே வந்து கட்டினார் என்றுகூடப் பேசினார்கள். கரிமக் காலக்கணிப்பு வந்து இந்தக் கோட்டையைத் தகர்த்தது. கூம்பு மாடம் கொண்ட அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறை கி.மு. 3200-ஐச் சேர்ந்தது, கீசாவுக்கு 600 ஆண்டு மூத்தது, மைசீனாவுக்கு ஏறக்குறைய 2,000 ஆண்டு மூத்தது. தொல்லியலாளர் காலின் ரென்ஃப்ரூ 1973-ல் வெளியிட்ட நூலில் இந்தத் தேதிகளை வரிசைப்படுத்தி, ஐரோப்பியப் பெருங்கற்கள் அந்தந்த ஊரில் தாமாகவே எழுந்தவை என்று காட்டினார். கல்லின் குணம் எங்கும் ஒன்று, மரணமும் எங்கும் ஒன்று. ஒரே விடை பல ஊரில் கிடைப்பதற்கு யாரும் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை.

எதிர்ப் பக்கத்தார், நாம்தான் எல்லோருக்கும் முன்னோடி என்கிறார்கள். அவர்கள் கையில் இப்போது ஒரு வலுவான சான்றும் இருக்கிறது. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2021-ல் நடத்திய அகழாய்வில் இரும்பு புழங்கிய மண்ணடுக்குக்குக் கி.மு. 2172 என்ற தேதி கிடைத்தது. 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே முதலமைச்சர் இதை அறிவித்தார். 2025 ஜனவரியில் சிவகளையிலிருந்து கிடைத்த தேதிகள் இதையும் பின்னுக்குத் தள்ளி, நாலாயிரத்துக்கு அப்பால் ஐந்தாயிரம் ஆண்டுகளை எட்டின. ஒப்பிடுவதற்கு ஒன்று: கி.மு. 1323-ஐ ஒட்டி இறந்த எகிப்து அரசர் துத்தன்காமூனின் இரும்புக் கத்தி விண்கல்லில் செய்தது என்று 2016-ல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. தாதுவை உருக்கி இரும்பெடுக்கும் வித்தை அப்போது எகிப்து அரண்மனைக்கு எட்டாத ஒன்று. பெருமைப்பட இது போதும். இதற்கு மேல் இழுத்தால் நூல் அறும். மயிலாடும்பாறைத் தேதி இரும்புக்கு உரியது, மல்லச்சந்திரத்துக் கற்திட்டைக்கு உரியது அல்ல. நம் கற்திட்டைகளில் பெரும்பகுதி கி.மு. முதல் ஆயிரத்தைச் சேர்ந்தவை என்பதுதான் நெடுநாள் கணிப்பு. சில மேலும் பழமை பெறலாம், பெரிய பிரமிடை எட்டுவதற்குச் சான்று இல்லை. எட்ட வேண்டிய அவசியமும் இல்லை. கல்லறையின் தரத்தைப் பிறந்த தேதியால் அளப்பது எலியட் ஸ்மித்தின் பழக்கம். நாம் அவரைத் திருப்பிப் போட்டு அதே தவறைச் செய்ய வேண்டாம். உறவு தேடுவதிலும் இதே கவனம் வேண்டும். கினோசஸ் சுவரோவியத்தில் காளைமேல் தாவும் இளைஞரைப் பார்த்ததும் நம் எருதுவிடும் விழா நினைவுக்கு வருவது இயல்பு. நைல் முகத்துவாரத்தில் தெல் எல்-தபாவிலும் அதே பாணி ஓவியம் கிடைத்திருக்கிறது, அங்கே கிரீட் கைவண்ணம் போயிருப்பதற்கு ஓவிய நுட்பமே சாட்சி சொல்கிறது. நமக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. மாடு வளர்த்த ஊரெல்லாம் மாட்டோடு விளையாடியிருக்கிறது.

இன்னொரு ஒற்றுமைக்கு மட்டும் நான் எடை தருகிறேன், அது கட்டியவர்களைப் பற்றியது அல்ல, மறந்தவர்களைப் பற்றியது. மைசீனா அழிந்தபின் வந்த கிரேக்கர்கள் அந்தக் கோட்டைச் சுவரின் கல்லளவைப் பார்த்து, ஒற்றைக் கண் அரக்கர்களான சைக்ளோப்ஸ்தான் கட்டினார்கள் என்றார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பயணி பௌசானியஸ் அதை அப்படியே எழுதிவைத்தார். அவர் எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் 1876-ல் தொல்லியலாளர் ஷ்லீமன் அங்கே மண்வெட்டி போட்டார். நம் பக்கத்தில் கற்திட்டைக்குப் பாண்டவர் குழி என்று பெயர், குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்று கதை. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் கொப்பளா மாவட்டத்து ஹிரேபெணகல் குன்றில் சுமார் 400 கற்சின்னங்கள் உள்ளன. அங்கும் இதே மாதிரி மறைந்துபோன குள்ள மனிதர் கதைதான். அரக்கர், குள்ளர், காவிய நாயகர் என்று யாரை வேண்டுமானாலும் சொன்னார்கள், நம்மைப் போன்ற ஆட்கள் என்று மட்டும் சொல்லவில்லை. கிரேக்கர் அந்தக் கதையைத் தாண்டி வந்து மைசீனாவைத் தம் பாட்டன் வீடாக ஏற்றுக்கொண்டார்கள். ஹிரேபெணகல் 2021-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியிருக்கிறது. கிருஷ்ணகிரி இன்னும் பாண்டவர் கதையோடு நிற்கிறது.

அப்படி நிற்பதற்கு விலை உண்டு. சைக்ளேட்ஸ் பாவைகளுக்கு 20-ஆம் நூற்றாண்டில் சந்தை விலை ஏறியதும், தீவுகளின் கல்லறைகளைத் திருடர்கள் இரவோடிரவாகத் தோண்டினார்கள். இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் பாவைகளில் பெரும்பாலானவை எந்தக் கல்லறையில், யார் பக்கத்தில், எந்த நிலையில் கிடந்தன என்பது யாருக்கும் தெரியாது. பாவை பிழைத்தது, அதன் பொருள் போய்விட்டது. இங்கே திருடருக்குப் பாவை கிடைக்கவில்லை. புதையல் இருக்கும் என்று மூடுகல்லைப் புரட்டிவிட்டுப் போகிறார்கள். அதைவிட வேகமாகப் போவது பாறையே. கற்திட்டைக்காரர் பலகை உரித்த அதே பாறைமேடுகளுக்குத்தான் குவாரி உரிமமும் கேட்கிறார்கள், கல் அங்கேதான் நன்றாக இருக்கிறது. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம், 2010 திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரில் தடையும் அதற்கப்பால் 200 மீட்டரில் கட்டுப்பாடும் விதிக்கிறது. அறிவிக்கப்பட்ட சின்னத்துக்கு மட்டும்தான் அந்த வட்டம். ஊத்தங்கரை வட்டத்துச் சென்னானூரில் 2024-ல் தொல்லியல் துறை தோண்டிப் புதிய கற்காலக் கைக்கோடரிகளை எடுத்தது. தோண்டுவதற்கு முன் அது வெறும் வயல்காடு. அதுபோல அறிவிப்புப் பெறாத கல்வட்டமும் கற்பதுக்கையும் மாந்தோப்புக்குள்ளும் ஏரிக்கரையிலும் குவாரி விளிம்பிலும் கிடக்கின்றன. பட்டா நிலத்தில் உழவுக்கு இடைஞ்சல் என்று கிணற்றடிக்கு நகர்த்திய மூடுகல்லும் உண்டு, அதன்மேல் துணி துவைக்கிறார்கள். உரிமம் கொடுப்பதற்கு முன் அந்தப் பாறையின் புல எண்ணோடு எத்தனை கல்லறை இருக்கிறது, இடுதுளை எந்தப் பக்கம், பலகை எந்த முறையில் நிற்கிறது என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்க்கச் சொல்வது சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாத வேலை. வருவாய்த் துறை ஆய்வாளரோடு தொல்லியல் தெரிந்த ஒருவர் ஒரு நாள் நடந்தால் முடிந்துவிடும்.